‘தி ரெட் ஷூஸ்’ படத்தில் ஒரே ஒரு ஷாட் என்றால் எது?

ஜனவரி 6

ஒரே ஒரு ஷாட். முழு பாலே கூடாது, காட்சி கூடாது. ஒரு ‘கட்’ முதல் அடுத்த ‘கட்’ வரைக்கும் உள்ள துண்டு மட்டும். 1948-இல் மைக்கேல் பவலும் எமெரிக் பிரெஸ்பர்கரும் சேர்ந்து எடுத்த ‘தி ரெட் ஷூஸ்’ படத்திலிருந்து இதுதான் மிக அழகு என்று எதைச் சொல்வீர்கள்?

என் பதில் தயார். படிக்கட்டு ஷாட்.

மான்டி கார்லோவில் இளம் பாலே நடனக்காரி விக்கிக்கு, அவளுடைய குழுவை நடத்தும் லெர்மொன்டோவிடமிருந்து அழைப்பு வருகிறது. விருந்துக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் இளவரசி மாதிரி உடுத்திக்கொண்டு கிளம்புகிறாள். நீலமும் பச்சையும் கலந்த நீளமான கவுன், தலையில் சின்னக் கிரீடம். மேலே ஏறிப் போகும் கல் படிகளில் புல்லும் களையும் மண்டிக் கிடக்கின்றன. பல வருஷமாக யாருமே ஏறாத படிகள் போல இருக்கின்றன. அவள் கவுனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். தேவதைக் கதைக்குள் போகிற மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அந்தக் கதை நல்லபடியாக முடியாது என்று அந்தப் புல்லே சொல்லிவிடுகிறது.

மேலே போனால் விருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. வேலை பேசிக்கொண்டிருக்கும் ஆண்கள்தான். புதிய பாலேயில் நீதான் நாயகி என்கிறார்கள். அவ்வளவு அலங்காரத்தோடு வந்தவளுக்குக் கிடைப்பது வேலை. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு நடனப் படத்தில் நடனமே இல்லாத ஷாட்டைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.


ஜனவரி 6, இரவு

விதியை நானே போட்டுவிட்டு நானே மீறிவிட்டேன். படிக்கட்டு என்பது ஒரு ஷாட் இல்லை. இப்போது மறுபடி ஓட்டிப் பார்த்தேன், துண்டு துண்டாகத்தான் வருகிறது. அவற்றில் ஒன்றைச் சொல் என்றால், தூரத்திலிருந்து எடுத்தது. படிகள் பெரிதாக, அவள் சின்னதாகத் தெரியும் துண்டு. அதுதான் என் ஓட்டு.


ஜனவரி 8

பதில் எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் நடுவில் வரும் பாலேயிலிருந்துதான் எடுத்திருக்கிறீர்கள். எதிர்பார்த்ததுதான். கால் மணி நேரத்துக்கு மேல் கதையை நிறுத்திவைத்து ஒரு முழு பாலேயை ஓடவிடும் தைரியம் அதற்கு முன்னால் யாருக்கு இருந்தது? அதுவும் அது மேடையில் நடக்கிற பாலே மாதிரி தொடங்கி, எந்த மேடையிலும் நடக்கவே முடியாத ஒன்றாக மாறிவிடுகிறது. மேடைக்கு முன்னால் இருக்கும் கூட்டம் கடலாகி அலை அடிக்கும் இடத்தில், முதல் தடவை பார்த்தபோது நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

அதில் எனக்குப் பிடித்தது செய்தித்தாள். ராத்திரித் தெருவில் ஒரு காகிதம் காற்றில் புரண்டு வருகிறது. எழுந்து நிற்கிறது. உடம்பெல்லாம் அச்செழுத்து அப்பிய ஒரு மனிதனாகி (நடனக் கலைஞர் ராபர்ட் ஹெல்ப்மன்தான் அது) அவளோடு ஆடுகிறது. பிறகு மறுபடி காகிதமாகிக் கீழே விழுகிறது. குப்பைக் காகிதத்துக்கு உயிர் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெரிய பெரிய அரங்க அமைப்புகளுக்கு நடுவே இந்தச் சின்ன விஷயம்தான் மனசில் ஒட்டிக்கொள்கிறது.

அப்புறம், செருப்புத் தைப்பவன் காட்டும், போட்டால் ஆட்டத்தை நிறுத்தவே விடாத அந்தச் சிவப்புக் காலணிக்குள் அவள் தாவிக் குதிக்கிற இடம். ஓடி வந்து எம்பினால், கால்கள் நேராகக் காலணிக்குள், நாடாக்கள் தானாகக் கட்டிக்கொள்கின்றன. எல்லாம் ஒரே ஷாட்டில். இதற்கு ஓட்டுப் போட்டவர்களோடு சண்டை போட மாட்டேன்.


ஜனவரி 9

திருத்தம். ஒரே ஷாட் இல்லை. எம்புவது ஒன்று, காலணிக்குள் கால் இருப்பது இன்னொன்று, நடுவில் கட். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்தப் படத்தை இத்தனை தடவை பார்த்த எனக்கே அது ஒரே ஷாட்டாகத்தான் ஞாபகத்தில் இருந்தது. அந்த ‘கட்’ கண்ணுக்குத் தெரிகிறது, மனசுக்குத் தெரிவதில்லை. தாவல் அந்த இரண்டு துண்டையும் தைத்துவிடுகிறது. அப்படியென்றால் ‘ஒரு ஷாட்’ என்ற என் விதியே நடனப் படத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று இப்போது சந்தேகம் வருகிறது. விதியை மாற்றப் போவதில்லை. இருந்தாலும் சந்தேகம் சந்தேகம்தான்.


ஜனவரி 13

எந்தப் பிரதியில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இது சின்ன விஷயம் இல்லை.

நான் முதலில் பார்த்தது பலமுறை நகலெடுத்த ஒரு வீடியோ கேசட்டில். சிவப்பு என்பது செங்கல் நிறத்தில் இருந்தது, சில இடங்களில் ஆரஞ்சு. படிக்கட்டில் அவள் போட்டிருந்த கவுன் சாம்பல் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். அந்த நிலையிலும் படம் என்னைப் பிடித்துக்கொண்டது என்பது வேறு.

2009-இல் கான் திரைப்பட விழாவில் புதுப்பித்த பிரதியைத் திரையிட்டார்கள். இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி முன்னின்று நடத்திய வேலை. மூல நெகட்டிவ்களில் பூஞ்சை பிடித்திருந்தது, சுருங்கியும் போயிருந்தன. இந்தப் படத்தை எடுத்த டெக்னிகலர் என்ற வண்ண முறையில் ஒரு சுருள் இல்லை, மூன்று சுருள். லென்ஸுக்குள் வரும் ஒளியை ஒரு பட்டகம் பிரித்து மூன்று கருப்பு-வெள்ளை நெகட்டிவ்களில் தனித்தனியாகப் பதிக்கும். பிறகு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக இம்மி பிசகாமல் பொருத்தினால்தான் நிறம் வரும். மூன்றும் மூன்று விதமாகச் சுருங்கியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். விளிம்பெல்லாம் நிறம் கசியும். அதை ஃபிரேம் ஃபிரேமாகச் சரிசெய்திருக்கிறார்கள்.

அந்தப் பிரதியைப் பார்த்த அன்றைக்குத்தான் காலணி உண்மையிலேயே சிவப்பு என்று கண்டேன். சாட்டினின் பளபளப்புகூடத் தெரிந்தது. அது சிவப்பானதும் படத்தில் மற்ற எல்லாம் ஒரு படி பின்னால் போய்விட்டது. யாராவது பழைய பிரதியை மட்டும் பார்த்துவிட்டு ஓட்டுப் போட்டிருந்தால், தயவுசெய்து ஒருமுறை புதியதைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஓட்டு மாறலாம்.


ஜனவரி 14

மாறவில்லை என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். சரி.


ஜனவரி 19

ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்கு முந்தின வருஷப் படமான ‘பிளாக் நார்சிசஸ்’ஸுக்காக ஆஸ்கர் வாங்கியவர். ஆனால் ‘தி ரெட் ஷூஸ்’ ஒளிப்பதிவை ஆஸ்கர்காரர்கள் பரிந்துரைப் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. கலை இயக்கத்துக்கும் இசைக்கும் விருது கொடுத்தார்கள். இரண்டும் தகுதியானவையே, கலை இயக்கம் செய்த ஹைன் ஹெக்ராத் ஓர் ஓவியர், பாலேக்காக நூற்றுக்கும் மேல் ஓவியங்கள் தீட்டி வைத்துக்கொண்டுதான் படப்பிடிப்புக்கே போனார்கள். இருந்தாலும் கார்டிஃபை விட்டது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கார்டிஃபுக்கு முதலில் பாலே என்றால் ஆர்வமே கிடையாது. பவல் அவரைத் திரும்பத் திரும்ப பாலே பார்க்க அனுப்பினார். போகப் போக மனுஷன் அதில் விழுந்துவிட்டார். அதன் விளைவைத் தாவல்களில் பார்க்கலாம். வினாடிக்கு 24 ஃபிரேம் என்பது வழக்கமான கணக்கு. ஒருவர் தாவி உச்சிக்குப் போகும் அந்தக் கணத்தில் மட்டும் கேமராவை அதைவிட வேகமாக ஓடவிட்டு, இறங்கும்போது மறுபடி வழக்கமான வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். திரையில் ஓடும்போது உச்சி மட்டும் ஒரு துளி நீளும். ஸ்லோ மோஷன் என்று நமக்குத் தோன்றாது. இந்த ஆள் காற்றில் கொஞ்சம் தங்கிவிட்டுத்தான் இறங்குகிறார் என்று தோன்றும்.

நடனம் கற்ற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நல்ல தாவல் உள்ளுக்குள் அப்படித்தான் இருக்கும். மேலே போனதும் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். வெளியிலிருந்து அளந்தால் அது கிடையாது, ஆடுகிறவருக்கு மட்டும் உண்டு. கார்டிஃப் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததைப் படமெடுக்கவில்லை. ஆடுகிறவருக்கு உள்ளே நடப்பதைப் படமெடுத்தார். இதை எழுதும்போதே என் படிக்கட்டு ஓட்டு லேசாக ஆடுகிறது.


ஜனவரி 20

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஆமாம், ஆடுகிறது.

நடனமே இல்லாத ஷாட் என்று பெருமையாகச் சொன்னேன். அப்படிச் சொல்வதானால் அதற்கு இந்தப் படத்தில் இன்னும் வலுவான ஒன்று இருக்கிறது. கடைசியில் வரும் ஸ்பாட்லைட். விக்கி இல்லை. லெர்மொன்டோவ் திரைக்கு முன்னால் வந்து நின்று, குரல் உடைந்து, அவள் இன்றைக்கு ஆட மாட்டாள், இனி என்றைக்குமே ஆட மாட்டாள் என்று அறிவிக்கிறார். ஆனாலும் பாலே நடக்கிறது. அவள் நிற்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் மட்டும். மற்றவர்கள் அந்த வெளிச்சத்தோடு ஆடுகிறார்கள், அதைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி கை நீட்டுகிறார்கள். அவள் எங்கெங்கே போயிருப்பாளோ அங்கெல்லாம் அந்த வட்டம் போகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வெளிச்சத்தைப் பார்க்கும்போது நம் தலைக்குள் அவள் ஆடிக்கொண்டிருக்கிறாள். அரைமணி நேரத்துக்கு முன்னாலோ ஒரு மணி நேரத்துக்கு முன்னாலோ முழு பாலேயைப் பார்த்துவிட்டோம் இல்லையா, அந்தக் கடன் இங்கே வசூலாகிறது. அந்த நீண்ட பாலே எதற்கு, வெட்டியிருக்கலாமே என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வெட்டியிருந்தால் இந்த வெளிச்சத்துக்குள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஓட்டை மாற்றுகிறேன். படிக்கட்டு இல்லை, ஸ்பாட்லைட்.


ஜனவரி 27

ஒரு வாரமாக வேறொன்று மனசை அரித்துக்கொண்டிருக்கிறது.

லண்டனில் மெர்குரி தியேட்டர். சின்ன அரங்கு. உண்மையிலேயே இருந்த இடம். அதை நடத்திய மேரி ராம்பேர் படத்தில் மேரி ராம்பேராகவே ஓரிரு கணம் தலைகாட்டுகிறார். இசைக்குழு கிடையாது, கிராமபோன் தட்டு ஓடுகிறது. விக்கி ‘ஸ்வான் லேக்’ ஆடுகிறாள். லெர்மொன்டோவ் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவள் சுழலத் தொடங்குகிறாள். அங்கே படம் திடீரென்று அவளுடைய கண்ணாகிவிடுகிறது. கூட்டம் சரேலென்று கோடுகளாக இழுபட்டு ஓடுகிறது, லெர்மொன்டோவின் முகம் வருகிறது, மறுபடி கோடுகள், மறுபடி அவர். நடுவில் அவள் முகம் திரையை நிறைக்கிற அளவுக்குக் கிட்டத்தில். தடித்த மேடை ஒப்பனை, மையிட்ட இமைகள், அகல விரிந்த கண்கள். அழகான முகம் என்று அப்போது சொல்லவே முடியாது. வேலை செய்கிற முகம்.

சில வினாடிகள்தான். நான் இத்தனை வருஷமாக இதை ஒரு உத்தி என்று மட்டும் நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது ஏன் நின்றேன் என்று சொல்ல வேண்டுமானால் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் எட்டு வருஷம் பரதம் கற்றவள். சுழலும்போது தலை சுற்றாமல் இருக்க ஆசிரியை சொல்லிக்கொடுத்தது இதுதான்: எதிரே ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள். உடம்பு திரும்பட்டும், கண் அந்தப் புள்ளியிலேயே இருக்கட்டும். இனி முடியாது என்கிற கட்டத்தில் தலையை ஒரே வெட்டாகத் திருப்பி, உடம்பு வந்து சேர்வதற்கு முன்னால் கண் மறுபடி அந்தப் புள்ளிக்கு வந்துவிட வேண்டும். பாலேயிலும் இதே வித்தைதான். காதுக்குள் இருக்கும் நீர்மம் தலையோடு சேர்ந்து சுழலத் தொடங்கினால்தான் மயக்கம் வரும். தலை விட்டுவிட்டுத் திரும்பினால் அந்த நீர்மத்துக்கு ஒரே சீராக ஓட நேரம் கிடைக்காது.

நான் பன்னிரண்டு வயதில் ஒரு மேடையில் ஆடினேன். ஒத்திகையில் அரங்கின் கடைசிக் கதவுக்கு மேலே எரிந்த ஒரு சின்னப் பச்சை விளக்கைப் புள்ளியாக வைத்துக்கொண்டேன். மேடை விளக்குகள் போட்டதும் எதிரே எல்லாம் ஒரே இருட்டாகிவிடும், அந்தப் பச்சைப் பொட்டு மட்டும் தெரியும். நிகழ்ச்சி அன்றைக்கு அந்த விளக்கு எரியவில்லை. மூன்று சுற்றில் முதல் சுற்றிலேயே தேடினேன், இல்லை. மூன்றாவது சுற்று முடிந்து நான் நின்றது பக்கவாட்டுத் திரையைப் பார்த்து. மிருதங்கம் வாசித்தவர் எனக்காக ஒரு தீர்மானத்தை (ஆட்டத்தை முடிக்கும் தாளக் கோவையை) இன்னொரு தடவை வாசித்தார், அதற்குள் திரும்பிக்கொண்டேன். கீழே இருந்தவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்த இருட்டு எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

இப்போது மெர்குரிக்குத் திரும்பி வாருங்கள். விக்கியின் புள்ளி எது?

லெர்மொன்டோவின் முகம்.


ஜனவரி 27, மறுபடி

மேலே எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. அவள் சுழல்கிறாள், விழாமல் இருக்க ஒரு புள்ளி தேவை, அந்தப் புள்ளி அவர். முழுக் கதையும் அந்த ஒரு சுழற்சியில் இருக்கிறதே. பாலேக்கு இசையமைத்த ஜூலியனைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் நடனக் குழுவை விட்டுப் போவதும், மறுபடி வருவதும், கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க நடுவில் நிற்பதும். சுழலும்போது ஒருவர் இரண்டு புள்ளிகளைப் பிடித்துக்கொள்ள முடியாது. முயன்றால் விழத்தான் வேண்டும்.


பிப்ரவரி 2

நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர், லெர்மொன்டோவைப் புள்ளி என்று சொல்வது நான் ஏற்றிச் சொல்வது, பவல் அப்படி நினைத்திருக்க மாட்டார் என்கிறார். இருக்கலாம். ஆனால் திரையில் இருக்கிறது. கோடுகளாக இழுபடும் கூட்டத்துக்கு நடுவே அடையாளம் தெரிகிற முகம் ஒன்றுதான்.

இன்னொருவர் வேறு பக்கம் இழுத்துப் போய்விட்டார், ஆனால் நல்ல கேள்வி. கடைசியில் ஒப்பனை அறையிலேயே அவள் ஏன் சிவப்புக் காலணி போட்டிருக்கிறாள்? பாலேயின் கதைப்படி தொடக்கத்தில் அந்தப் பெண்ணிடம் அந்தக் காலணியே கிடையாது, பிறகுதானே போட்டுக்கொள்கிறாள்? உண்மைதான். தர்க்கப்படி தப்பு. ஆனால் அந்தக் காலணி இல்லாமல், ரயிலுக்கு முன்னால் விழப் போகிற அந்தக் கடைசி ஓட்டம் இல்லை. மேடையை நோக்கிப் போகிறவளைக் கால்கள் பின்னால் இழுக்கின்றன, திருப்பிவிடுகின்றன, சுருள் படிக்கட்டில் கீழே ஓடவைக்கின்றன. கேமரா பெரும்பாலும் காலோடுதான் போகிறது. அவள் ஓடுகிறாளா, காலணி ஓடுகிறதா என்பதைப் படம் சொல்லவே இல்லை. வெறுங்காலோடோ வேறு காலணியோடோ ஓடியிருந்தால் அது வெறும் தற்கொலை. சரியாக இருப்பதைவிட இது மேல்.

படிக்கட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. நடுவில் ஏறுகிற படிகள், கடைசியில் இறங்குகிற படிகள். ஏறும்போது பாதம் கவுனுக்குள் மறைந்திருக்கிறது. இறங்கும்போது பாதம் மட்டும்தான்.


பிப்ரவரி 3

கண்ணாடியை லெர்மொன்டோவ் குத்தி உடைக்கும் ஷாட்டுக்கும் ஓட்டு விழுந்திருக்கிறது. லெர்மொன்டோவாக வரும் ஆன்டன் வால்ப்ரூக்கின் நடிப்புக்காக அதை ஏற்கிறேன். அழகு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.


பிப்ரவரி 9

முடிவுக்கு வர வேண்டும் என்று நேற்று மறுபடி இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்தேன். கையில் ஒரு நோட்டு.

முதலில் மெர்குரியில் அவளுடைய முகத்தைத்தான் எழுதி வைத்திருந்தேன். அந்தக் குளோஸ்-அப். மேடை ஒப்பனை என்பது தூரத்திலிருந்து பார்க்க வரைவது, அதைக் கிட்டத்தில் காட்டினால் என்ன ஆகும் என்பதை இந்தப் படம் மறைக்கவில்லை. பாலேக்காரப் பெண்ணைப் பூ மாதிரி காட்டுவதுதான் வழக்கம். இங்கே அவள் முழுப் பலத்தையும் போட்டு உழைக்கிறவள். விக்கியாக நடித்த மொய்ரா ஷியரர் உண்மையிலேயே சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே குழுவில் ஆடிக்கொண்டிருந்தவர். இந்தப் படத்தில் நடிக்க அவருக்கு விருப்பமே இல்லை, சம்மதம் வாங்க நாளாயிற்று. படப்பிடிப்பில் துண்டு துண்டாக ஆட வேண்டியிருந்தது அவருக்குப் பெரிய கஷ்டம். மேடையில் ஆடுகிறவருக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குப் புரிகிறது. உடம்பு சூடேறி நடனம் பிடிபடுகிற நேரத்தில் ‘கட்’ என்பார்கள், ஆறிப்போய் மறுபடி அதே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த முகத்தில் நடிப்பு எவ்வளவு, உழைப்பு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

பிறகு அடித்துவிட்டேன். முகம் இல்லை. முகத்துக்கு முன்னும் பின்னும் வருகிற அந்தக் கோடுகள். அவள் பார்க்கிறது.

ஏன் என்றால், இந்தப் படத்தில் மற்ற எல்லா ஷாட்டிலும் நாம் ஆடுகிறவளைப் பார்க்கிறோம். தாவலின் உச்சியை நீட்டும்போதும் வெளியிலிருந்துதான் பார்க்கிறோம். இந்த ஒரு இடத்தில் மட்டும் நாமே சுழல்கிறோம். ஆடுகிற பெண் ஃபிரேமில் இல்லை, காரணம் நாம் அவளுக்குள் இருக்கிறோம். மூன்று நெகட்டிவ் சுருளைச் சுமந்த அந்தப் பெரிய கேமராவைப் பம்பரம் மாதிரி திருப்பி இதை எடுத்திருக்கிறார்கள். வண்ணத்தின் நேர்த்தியைக் காட்டத்தான் டெக்னிகலர் என்று ஊரே நினைத்த காலத்தில், ஒரு முகமும் தெளிவாகத் தெரியாத, நிறமெல்லாம் கரைந்து ஓடுகிற ஒரு ஷாட்.

ஸ்பாட்லைட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். படத்தில் ஆடுகிறவள் இல்லாத நடனம் இரண்டு இடத்தில் வருகிறது. மெர்குரியில் அவள் கண்ணில் நாம் இருந்தோம். கடைசியில் அதே இடத்தில் வெறும் வெளிச்சம். முதலாவதில் லெர்மொன்டோவின் முகம் அவளுக்குப் புள்ளியாக இருந்தது. கடைசியில் அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், சுற்றுகிறவள் இல்லை.

ஸ்பாட்லைட்டுக்குப் போட்ட ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதை இரண்டாவதாக வைக்கிறேன், மனசில்லாமல்.


பிப்ரவரி 10

ஒரு திருத்தம். கடைசிக் காட்சியில் அவர் ‘பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்று எழுதினேன். மறுபடி பார்த்தேன். பார்க்கிறார் என்பது சரியில்லை. அந்த முகம் உறைந்திருக்கிறது. கண் எதையும் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தெரியவில்லை.


பிப்ரவரி 16

என் தங்கை மகள் நடனம் கற்கிறாள், ஒன்பது வயது. மெர்குரிக் காட்சியை மட்டும் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். கதை எதுவும் சொல்லவில்லை. கோடுகள் ஓடத் தொடங்கியதும் தலையை லேசாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முடிந்ததும், “பெரியம்மா, அந்த மாமாவைப் பார்த்துக்கிட்டேதானே சுத்துறாங்க?” என்றாள்.

நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பவல் அப்படி நினைத்திருக்க மாட்டார் என்று எழுதிய நண்பர் இதைப் படிக்க வேண்டும்.


பிப்ரவரி 23

தேர்ந்தெடுத்த ஷாட்டிலிருந்து ஒரு படத்தை இங்கே போடுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். மற்றவர்கள் எல்லாம் போட்டுவிட்டீர்கள், செய்தித்தாள் மனிதன், கடல், காலணி, எல்லாம் சுவரில் மாட்டும்படி இருக்கின்றன. நானும் நேற்று ராத்திரி உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். கிடைப்பது கலங்கிய பட்டைகள். பழுப்பு, கொஞ்சம் கறுப்பு, ஓரத்தில் வெளிர் தீற்றல் ஒன்று, அது யாருடைய கையோ கன்னமோ. எந்த ஃபிரேமில் நிறுத்தினாலும் அங்கே ஒன்றும் இல்லை. ஓடவிட்டால் வந்துவிடுகிறது.

அதனால் என்னிடமிருந்து படம் கிடையாது. ஓட்டு அதற்குத்தான், எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணினித் திரையில் இன்னும் படிக்கட்டுதான் இருக்கிறது.